முதுமைக்கு ஒரு மருத்துவம்

மனித ஆயுளை நீட்டிக்கும் வழியை இன்று பல ஆய்வுக்கூடங்கள் தேடிக்கொண்டிருக்கின்றன. இத்தேடல் புதிதன்று. புகாராவுக்கு அருகில் 980இல் பிறந்த இப்னு சீனா, 1025ஆம் ஆண்டளவில் நிறைவுசெய்த ‘அல்கானூன் ஃபித் திப்’ என்னும் மருத்துவ நூலில், முதியோரின் உடல்நலம் பேணுவதற்கெனத் தனிப்பகுதியே ஒதுக்கினார்.

உடலின் வெப்பத்தை விளக்கின் சுடராகவும், ஈரத்தை அதன் எண்ணெயாகவும் கருதிய காலம் அது. எண்ணெய் தீர்வதை எந்த மருத்துவராலும் தடுக்க இயலாது. விரைந்து தீராமல் காக்கவே இயலும் என்பது அவரது நிலைப்பாடு. ஆகவே, உணவைச் சிறிது சிறிதாகப் பலமுறை கொடுத்தல், உடம்பில் எண்ணெய் தேய்த்துவிடுதல், அவரவர் வலிமைக்கேற்ற உடற்பயிற்சி ஆகியவற்றை அவர் வலியுறுத்தினார். வெப்பம், ஈரம் பற்றிய அக்கோட்பாட்டை இன்றைய மருத்துவம் கைவிட்டுவிட்டது. அளவான உணவையும் உடலியக்கத்தையும் அது கைவிடவில்லை.

முதுமையைத் தவிர எல்லா நோய்க்கும் மருந்துண்டு என்று நபி (ஸல்) அவர்கள் அறிவித்திருப்பதை நாம் அறிவோம். முதியோருக்கு வழிகாட்டிய இப்னு சீனாவும் 60 வயதை எட்டும் முன்பே, 1037இல் ஹமதானில் மரணமடைந்தார். ஆயுளின் அளவு அல்லாஹ்விடமே உள்ளது.

எனினும், அவர் கூறிய முறைகளில் ஓர் உண்மை அடங்கியுள்ளது. வேளைதோறும் சிறிது உணவு கொடுக்கவும், எண்ணெய் தேய்த்துவிடவும் முதியவரின் அருகில் ஒருவர் இருந்தாக வேண்டும். கடையில் வாங்கும் மருந்து அந்த இடத்தை நிரப்பாது. நம் பெற்றோருக்கு அந்த ஒருவராக நாம் இருக்க அல்லாஹ் அருள்புரிவானாக.