கொழும்பு மேடையும் கலரிச் சனமும்

நாடக வரலாறு எழுதப் புகுந்தோர் பெரும்பாலும் மேடையைப் பார்த்தே எழுதியுள்ளனர். எழுதியவர் யார், நடித்தவர் யார், பாடியவர் யார் என்று ஆராய்ந்த அளவுக்கு, எதிரே அமர்ந்திருந்தவர் யார், என்ன கொடுத்து உள்ளே வந்தார், எவ்விடத்தில் இருத்தப்பட்டார் என்பன ஆராயப்படவில்லை. நாடகத்துக்குச் சோறு போட்டவரோ அவரே. கொழும்புத் தமிழ் மேடையின் நுழைவுச் சீட்டையும் இருக்கையையும் பற்றிச் சிறிது நோக்க விரும்புகின்றோம். சீட்டு விற்கும் முறை மாறிய ஒவ்வொரு வேளையிலும், மேடை யாருக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டது என்பதும் உடன் மாறிற்று என்பது நமது கருத்து.

நமது கூத்துக்குச் சீட்டுக் கிடையாது. மட்டக்களப்பு வட்டக்களரியைச் சுற்றி மக்கள் பாய் விரித்து விடியும்வரை இருந்து பார்த்தனர். வட்டத்துக்கு முகம் என்று ஒரு பக்கம் இல்லையாதலால் சுற்றிவர இருந்த இடமெல்லாம் முன்வரிசையே. இதைக் கொண்டு பழைய கிராமத்தைப் பொன்னுலகமாகப் புனைந்து காட்டுவாரும் உளர். அப்புனைவு நமக்கு உடன்பாடன்று. யார் எங்கே இருக்கலாம், யார் எட்டி நிற்கவேண்டும் என்பதைச் சாதி முன்னரே தீர்மானித்திருந்தது. 1930ஐ அண்டிய ஆண்டுகளில், உதவி நன்கொடை பெறும் பாடசாலைகளில் எல்லாச் சாதிப் பிள்ளைகளையும் சம ஆசனத்தில் இருத்த வேண்டும் என்று கல்விப் பகுதியினர் விதித்தபோது, யாழ்ப்பாணத்தில் எழுந்த எதிர்ப்பில் பாடசாலைகள் தீக்கிரையாயின. ஒரு பிள்ளை வாங்கில் ஏறி இருந்து பாடம் கேட்பதற்கே இத்தனை பாடு என்றால், ஊர் கூடும் களரியில் இருக்கை எவ்வாறு பங்கிடப்பட்டிருக்கும் என்பதை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

சீட்டு விற்பதானால் முதலில் சுவர் வேண்டும். சுவரில் ஒரு வாசலும், வாசலில் ஒரு காவலாளும் வேண்டும். இவை மூன்றையும் நமக்குக் கொணர்ந்தது கொட்டகை. 1882இல் பம்பாயிலிருந்து எல்பின்ஸ்டன் நாடகக் குழுவினர் கொழும்புக்கு வந்து ஆடியதன் பின்னர், பார்சி நாடக முறை இங்கே சிங்கள மேடையையும் தமிழ் மேடையையும் ஒருங்கே கவ்விக்கொண்டது. தீட்டிய திரைகள், பக்கத் தட்டிகள், மினுக்கும் உடைகள், கப்பற் கூலி, ஆட்களுக்குச் சம்பளம் என்று முதல் போட்டு நடத்தவேண்டிய தொழில் அது. போட்ட முதல் இரவுக்கிரவு வாசலில் திரும்பி வந்தாக வேண்டும். ஆகவே பார்வையாளர் கூட்டம் விலைப்படி கூறு போடப்பட்டது. முன்னே சோபா, பின் நாற்காலி, அதன் பின் வாங்கு, கடைசியில் தரை. கொழும்பில் இக்கடைசிக் கூறு ‘கலரி’ என்ற பெயரால் வழங்கிப் பின்னர் படமாளிகைகளிலும் நிலைத்தது.

இதில் ஒரு முரண்பாட்டை நாம் கவனித்தல் வேண்டும். கொட்டகை மனிதரைப் பணத்தால் பிரித்தது உண்மை. ஆயினும் சதக் காசைச் சாளரத்தில் வைத்தவனிடம் சீட்டு விற்பவன் சாதி விசாரிப்பதில் அவனுக்கு ஆதாயம் எதுவும் இருக்கவில்லை. களரியில் எட்டி நின்றவன் கொட்டகைக்குள் குந்தி இருந்தான். கடைசியில்தான் இருந்தான், ஆனால் உள்ளே இருந்தான். முதலாளித்துவத்தின் கொடுமையை மட்டும் எழுதி, அது உடைத்த பழைய பூட்டை எழுதாமல் விடுவது வரலாறாகாது.

1911ஆம் ஆண்டையும் அடுத்த ஆண்டையும் கொழும்பு மேடையின் திருப்பம் எனலாம். 1911 டிசம்பர் 6ஆம் நாள் மருதானையில் டவர் மண்டபம் திறக்கப்பட்டு, சார்ள்ஸ் டயஸ் எழுதிய ‘பண்டுகாபய’ அரங்கேறியது. அதே ஆண்டில் சென்னை சுகுண விலாச சபையினர் பம்மல் சம்பந்த முதலியார் தலைமையில் கொழும்பு வந்து நடித்தனர். 1912இல் பொதுக் காட்சிகள் கட்டளைச் சட்டம் பிறந்தது. மக்கள் காசு கொடுத்துக் கூடும் இடத்தில் அரசாங்கத்துக்கும் ஒரு கண் இருக்கவேண்டும் என்று ஆட்சியாளர் கருதியதில் வியப்பில்லை.

சுகுண விலாச சபை 1891இல் தோன்றியது. அதன் உறுப்பினர் வழக்கறிஞர், உத்தியோகத்தர், பட்டதாரிகள். நடிப்பால் வயிறு வளர்ப்பவர் அல்லர். நடிகன் என்றாலே இழிவாகக் கருதிய சமுதாயத்தில் அக்கலைக்கு மதிப்புத் தேடித் தந்த பெருமை அவர்களுக்கு உண்டு. அவ்வழியிலேயே கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் விலாச சபைகள் எழுந்தன. பம்மலாரைக் குருவாகக் கொண்ட கலையரசு சொர்ணலிங்கம் 1968இல் வெளியிட்ட ‘ஈழத்தில் நாடகமும் நானும்’ என்னும் நூல் அக்காலத்தை நன்கு காட்டும். ஆனால் சபை என்பது சந்தாவால் வாழ்வது. சந்தா கட்டியவருக்கு இருக்கை உண்டு. வாசலில் காசோடு நிற்பவர் அதற்கு இன்றியமையாதவர் அல்லர். மதிப்பு மேடைக்கு வந்த வழியாகவே கலரி வெளியே போகத் தொடங்கிற்று.

எனினும் அது ஒரு நாளில் போகவில்லை. போவதற்கு முன் அதற்கு ஒரு பொற்காலம் வாய்த்தது. அதுவே ஸ்பெஷல் நாடகக் காலம். கம்பனி என்று ஒன்றும் இல்லாமலே, கண்டிராக்டர் ஒருவர் கொட்டகையை வாடகைக்கு எடுத்து, வெவ்வேறு இடத்து நடிகர்களுக்கு முன்பணம் கொடுத்து, ஓர் இரவுக்கோ ஒரு வாரத்துக்கோ மேடையில் கூட்டிவிடுவார். ஒத்திகை கிடையாது. வள்ளியாக வருபவருக்கும் வேலனாக வருபவருக்கும் கதை தெரியும், பாட்டும் தெரியும். தர்க்கம் மட்டும் அன்றன்று மேடையிலேயே பிறக்கும். 1926இல் கே.பி. சுந்தராம்பாள் கொழும்பில் நடித்துக்கொண்டிருந்தபோதுதான் எஸ்.ஜி. கிட்டப்பா இங்கு வந்து அவருடன் சேர்ந்து நடித்தார். சுந்தராம்பாளுக்கு அப்போது வயது 18, கிட்டப்பாவுக்கு 20. மறு ஆண்டில் இருவரும் மணம் புரிந்துகொண்டனர். தமிழ் மேடையின் மிகப் பெரிய சோடி முதலில் சேர்ந்தது மதுரையிலோ சென்னையிலோ அன்று, நமது கொழும்பில் என்பதை நம் மாணவரிற் பலர் அறியார்.

அந்நாளில் ஒலிபெருக்கி இல்லை. கடைசியில் குந்தியிருப்பவன் செவியைச் சென்று சேராத குரலுக்குக் கொட்டகையில் வாழ்வும் இல்லை. கிட்டப்பாவின் குரலுக்கு அந்தத் தொலைவு ஒரு பொருட்டாகவே இருக்கவில்லை. இங்கே நல்ல இருக்கை எது என்ற கேள்வி தலைகீழாகிவிடுகின்றது. சோபாவில் இருந்தவர் முகத்தையும் நகையையும் அண்மையிற் கண்டார். ஆர்மோனியத்தின் பெருஞ்சத்தமும் அவர் காதருகேதான். கலரியில் இருந்தவன் முகத்தைத் தெளிவாகக் காணவில்லை, பாட்டைக் கேட்டான். ‘ஒன்ஸ் மோர்’ என்ற கூச்சல் பின்னிருந்து எழுந்தால் நடிகர் மறுபடி பாடியே தீரவேண்டும். முன்வரிசைக் கனவான் கைக்கடிகாரத்தைப் பார்த்தால் பார்க்கட்டும். கண்டிராக்டரின் கல்லாப்பெட்டியை நிரப்பியது சோபாவின் சில ரூபாய்களா, தரையின் பல சதங்களா என்பது நடிகருக்குத் தெரியும்.

அந்தத் தரையில் இருந்தவர் யார்? கொட்டாஞ்சேனை, ஜிந்துப்பிட்டி, கொச்சிக்கடைப் பகுதிகளில் வாழ்ந்த துறைமுகத் தொழிலாளர், வண்டிக்காரர், செட்டியார் தெருப் பட்டறைகளில் வேலை செய்தவர், புறக்கோட்டைக் கடைச் சிப்பந்திகள். 1923இல் குணசிங்காவின் தலைமையில் கொழும்பை நிறுத்திவைத்த பொது வேலைநிறுத்தத்தைக் கண்டிருந்த நகரம் அது. மூன்று ஆண்டுகளின் பின் வள்ளி திருமணம் பார்க்க வந்த கூட்டத்துக்குத் தன் கூட்டத்தின் பலம் தெரியாமல் இருந்திராது.

கிட்டப்பா 1933இல், 27ஆம் வயதில் மறைந்தார். 1935இல் சுந்தராம்பாள் ஓர் இலட்சம் ரூபா ஊதியத்தில் ‘பக்த நந்தனார்’ படத்தில் நடித்தார். உள்ளே விடப்படாமல் வாசலில் நின்றவனின் கதை அது. நின்ற இடத்திலிருந்தே இறைவனைக் காண நந்தியை விலகச் சொல்லவேண்டியிருந்தது. பேசும்படம் வந்தபின் கலரிச் சனம் படமாளிகைக்குப் போயிற்று. சென்றவர்களை நாம் குறைகூற மாட்டோம். குறைந்த காசுக்குக் கிட்டப்பாவின் காலத்துப் பாட்டும், அதற்கு மேலான காட்சியும் அங்கே கிடைத்தன.

இனி வெள்ளவத்தைக்கு வருவோம். கொட்டாஞ்சேனையில் 102ஆம் இலக்க பஸ் ஏறினால் காலி வீதி வழியே சேரக்கூடிய இடந்தான். ஆயினும் மேடையைப் பொறுத்தவரை அது வேறு நாடு. அரசாங்க உத்தியோகத்தராகவும் எழுதுவினைஞராகவும் வந்து குடியேறிய தமிழ் மத்தியதர வகுப்பார், வெள்ளவத்தை இராமகிருஷ்ண மிஷன் மண்டபத்திலும் பம்பலப்பிட்டி சரஸ்வதி மண்டபத்திலும் ஹவ்லொக் டவுன் லும்பினி அரங்கிலும் நாடகம் பார்த்தனர். இங்கே சீட்டு விற்கப்பட்டது சாளரத்தில் அன்று. பழைய மாணவர் சங்கமோ கட்டிட நிதிக் குழுவோ சீட்டுப் புத்தகங்களை அச்சிட்டு, 1946ஆம் ஆண்டின் களியாட்ட வரிச் சட்டப்படி மாநகர சபையின் முத்திரையைப் பெற்று, உறுப்பினர் கையில் கொடுக்கும். உறுப்பினர் அவற்றைப் புறக்கோட்டை மொத்த வியாபாரியின் மேசையில் வைப்பார். வியாபாரி நாடகத்துக்காக வாங்குவதில்லை; கேட்டவரின் முகத்துக்காக வாங்குகிறார். வாங்கியதை மேசை இழுப்பறையில் போட்டுவிட்டு மறந்தும் விடுகிறார். இவ்வாறு மிக விலை கூடிய இருக்கைகள் முன்கூட்டியே விலைபோய், நாடக இரவில் வெறுமையாகக் கிடக்கும் விந்தை தோன்றியது.

இதை நாம் ஏட்டில் மட்டும் படித்து எழுதவில்லை. சில ஆண்டுகளுக்கு முன், கொட்டாஞ்சேனைப் பிள்ளைகள் முப்பதுபேரை ஒரு நாடகத்துக்கு அழைத்துச் சென்றோம். நிலம் சரிவின்றிச் சமதரையாக உள்ள மண்டபம், நாற்காலிகளை வரிசையிட்டிருந்தார்கள். அவ்வகை மண்டபத்தில் ஏழாம் வரிசைக்கப்பால் இருப்பவன் பார்ப்பது முன்னிருப்பவன் தலையைத்தான். நமக்குக் கிடைத்தது பதினெட்டாம் வரிசை. முன்னே மூன்று வரிசைகள் வெள்ளைத் துணி போர்த்து, அதிதிகளுக்கென்று ஒதுக்கப்பட்டிருந்தன. இடைவேளைவரை அங்கே வந்தவர் ஒன்பது பேர். பிள்ளைகளை முன்னே இருத்தலாமா என்று தொண்டர் ஒருவரிடம் கேட்டோம். அவை கொடுத்துவிட்ட இருக்கைகள் என்றார். நாடகம் ஒரு கூலித் தொழிலாளியின் துயரத்தைப் பற்றியது. முன்னே ஆடியவர்கள் வெள்ளைத் துணியைப் பார்த்தே ஆடினார்கள்.

இருக்கைக்காக மக்கள் போராடியதும் உண்டு. 1808இல் எரிந்துபோன இலண்டன் கொவென்ட் கார்டன் அரங்கு மறு ஆண்டில் மீண்டும் திறக்கப்பட்டபோது, தரைத்தள நுழைவுக் கட்டணம் 3 ஷில்லிங் 6 பென்ஸிலிருந்து 4 ஷில்லிங்காக உயர்த்தப்பட்டது. பொதுமக்களுக்குரிய ஒரு மாடி பிரபுக்களுக்கு வாடகை அறைகளாக மாற்றப்பட்டது. பார்வையாளர் ஏறத்தாழ மூன்று மாத காலம் இரவுதோறும் உள்ளே வந்து, மேடைக்கு முதுகைக் காட்டிக் கூச்சலிட்டு, நாடகம் காதில் விழாமற் செய்தனர். முகாமையாளர் கெம்பிள் பணிந்தார். தரைத்தளத்தின் பழைய கட்டணம் திரும்பியது. அரையே அரை ஷில்லிங்குக்கு இத்தனை ஆர்ப்பாட்டமா என்று அன்றைய பெரியோர் நகைத்தனர். மக்களுக்கு உறுத்தியதோ ஷில்லிங்கைக் காட்டிலும் அந்த அறைகளே.

நமது பக்கத்தவரின் குறையையும் சொல்லாமல் விடுவது நேர்மையன்று. 1956இல் சரச்சந்திரா நாடகம என்னும் மக்கள் கூத்தை மீட்டெடுத்து ‘மனமே’யை அரங்கேற்றியது கறுவாத்தோட்டத்து லயனல் வென்ற் அரங்கில். 1960களில் பேராசிரியர் வித்தியானந்தன் கூத்தைச் செம்மைப்படுத்திப் படச்சட்ட மேடைக்குக் கொண்டுவந்தார். இரண்டும் பெரும் பணிகள். ஆயினும் வட்டம் நேர்கோடாகியபோது முன்வரிசை ஒன்றே ஒன்றாகிவிட்டது. அ.ந. கந்தசாமியின் ‘மதமாற்றம்’ போன்ற கூரிய நாடகங்களைக் கொழும்பு கண்டது. அவற்றைப் பார்த்தவர் யாவர் என்று நோக்கினால், பெரும்பாலும் நம்மைப் போன்ற ஆசிரியரும் எழுத்தாளரும் பல்கலைக்கழகத்தாருமே. தொழிலாளியைப் பற்றி எழுதினோம். அவனுக்குச் சீட்டு விற்கக் கொட்டாஞ்சேனைக்கு நாம் போகவில்லை.

1983 ஆடிக் கலவரத்தில் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் தமிழர் வீடுகளும் கடைகளும் எரிந்தன. நாடகம் எழுதியவரும் பார்த்தவரும் ஒருசேரச் சிதறினர். அதன் பின்னரான போர்க்காலத்தில், இரவு ஒன்பது மணிக்குச் சோதனைச் சாவடிகளைத் தாண்டி வீடு திரும்பவேண்டியவன் நல்ல இருக்கையைப் பற்றி நினைக்கமாட்டான்.

இன்று சீட்டு கைபேசியில் விற்கப்படுகின்றது. மண்டபத்தின் வரைபடம் திரையில் தோன்றும். ஒவ்வொரு விலைக்கும் ஒரு நிறம். பழைய சோபா, நாற்காலி, வாங்கு, தரை என்ற கூறுகளே நிறம் பூசிக்கொண்டு வந்துள்ளன என்பதன்றி இதிற் புதுமை அதிகமில்லை. சாளரத்தில் நின்ற மனிதன் மறைந்ததுதான் புதுமை. 2023 செப்டெம்பர் 10ஆம் நாள் சென்னைக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் நடந்த ஏ.ஆர். ரகுமான் இசை நிகழ்ச்சியில், சீட்டு வாங்கியோர் பலர் உள்ளே நுழையவே முடியாமற் திரும்பினர். 2024 பெப்ரவரியில் யாழ்ப்பாணம் முற்றவெளியில் நடந்த ஹரிஹரன் இசை நிகழ்ச்சியில், கட்டணம் செலுத்தியோருக்கும் இலவசமாக வந்தோருக்கும் இடையே இட்ட தடுப்பைக் கூட்டம் தாண்டியது. மறுநாள் தொடங்கி அக்கூட்டத்தின் பண்பாட்டைப் பற்றி எல்லோரும் பேசினார்கள். தடுப்பைப் பற்றிப் பேசியவர் சிலரே.

1890இல் பேர்லினில் தொழிலாளருக்கென அமைக்கப்பட்ட சுதந்திர மக்கள் அரங்கு இச்சிக்கலுக்கு ஒரு வழி கண்டது. உறுப்பினர் யாவருக்கும் ஒரே கட்டணம். எந்த இருக்கை யாருக்கு என்பதை வாசலில் குலுக்கல் தீர்மானிக்கும். சென்ற ஆண்டு நம் பாடசாலை நாடகத்துக்கு இம்முறையையே பின்பற்றினோம். எல்லாச் சீட்டும் 200 ரூபா. வாசலில் ஒரு பானை. மாணவியொருத்தியின் தாயார், தையற்சாலைத் தொழிலாளி, முதல் வரிசையின் நடுவில் இருக்கை பெற்றார். அங்கே இருக்கக் கூசி, யாரையோ மாற்றிக்கொள்ளுமாறு கேட்டுக்கொண்டே நின்றார். மாணவர்கள் அவரை விடவில்லை. மண்டப வாடகையிற் பாதியைத் தந்த வர்த்தகருக்குப் பதினாறாம் வரிசை. அவர் இடைவேளைவரை இருந்தார். இவ்வாண்டு அவரிடமிருந்து நன்கொடை வரவில்லை. குலுக்கலைக் கைவிடுவதா, சீட்டின் விலையை 250 ஆக்குவதா என்று ஆசிரியர் கூட்டத்தில் இரண்டு மணி நேரம் விவாதித்தோம். மாணவர் மன்றத்தினர் இரண்டையும் மறுத்துவிட்டு, இருநூறு ரூபாச் சீட்டுக்களோடு ஜம்பட்டா வீதியில் கடை கடையாக ஏறி இறங்கிக்கொண்டிருக்கிறார்கள்.