சம்பளம் கொடுத்தவரிடமே வீடு: புல்மேனும் கிள்ளானும்



தொழில்மயமாக்கம் என்றதும் நம்ம மாணவர்கள் நீராவி இயந்திரம், இரயில், ஆலை என்று மளமளவெனப் பட்டியல் போடுவார்கள். பட்டியல் தப்பில்லை. ஆனால், ஆலையில் உழைத்தவர் இரவில் எங்கே படுத்தார், அந்த வீடு யாருடையது என்று கேட்டால் வகுப்பு அமைதியாகிவிடும். டெங்கிலில் பாடம் நடத்தும் எனக்கு இந்தக் கேள்விதான் பெரிதாகத் தெரிகிறது. ஏன் என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

முதலில் அமெரிக்காவைப் பார்ப்போம். 19ஆம் நூற்றாண்டில் பஞ்சத்தாலும் வறுமையாலும் ஐரோப்பாவிலிருந்து இலட்சக்கணக்கானோர் அங்கே கப்பலேறினார்கள். பலர் ஆலைகளில் சேர்ந்தனர். சிகாகோ அருகே, இரயில் பெட்டி செய்யும் ஜார்ஜ் புல்மேன் 1880களில் தன் தொழிலாளர்களுக்காக ஒரு நகரமே கட்டினார். வீடு, கடை, நூலகம் எல்லாம் இருந்தன. எல்லாமே நிறுவனத்துக்குச் சொந்தம். 1893இல் பொருளாதாரம் சரிந்தது. நிறுவனம் கூலியைக் குறைத்தது. வீட்டு வாடகையைக் குறைக்கவில்லை. 1894இல் வேலைநிறுத்தம் வெடித்தது. மத்திய அரசு இராணுவத்தை அனுப்பி அதை அடக்கியது.

இப்போது நம்ம ஊருக்கு வருவோம். 1908இல் ஃபோர்டு நிறுவனம் மாடல் டி காரை விற்பனைக்குக் கொண்டுவந்தது. கார் பெருகப் பெருக, டயருக்கு ரப்பர் தேவைப்பட்டது. மலாயாவின் ரப்பரில் பெரும்பங்கை அமெரிக்காதான் வாங்கியது. ஆக, அமெரிக்கத் தொழிற்சாலையின் முதல் வேலை விடியற்காலையில் சிலாங்கூர் ரப்பர்க் காட்டில்தான் தொடங்கியது.

அந்த வேலைக்குத் தமிழகத்திலிருந்து ஆள் திரட்டியவர் கங்காணி. ஒப்பந்தக் கூலி முறை 1910இல் முடிவுக்கு வந்தது. 1907இல் தொடங்கிய குடியேற்ற நிதிக்கு முதலாளிகள் பணம் கட்டினார்கள். கப்பல் செலவு அதிலிருந்து போனது. சட்டப்படி, தொழிலாளி முன்னறிவிப்புக் கொடுத்துவிட்டு வேலையை விடலாம்.

ஆனால் விட்டுவிட்டு எங்கே போவது? லயத்து வீடு தோட்டத்துக்குச் சொந்தம். ஆஸ்பத்திரி, பிள்ளைகள் படித்த தமிழ்ப்பள்ளி, கள்ளுக்கடை எல்லாம் தோட்ட எல்லைக்குள்ளேயே. வெயில் ஏறினால் பால் வடிவது குறையும் என்பதால் இருட்டோடு பெரட்டுக்கு நிற்க வேண்டும். பெயர் கூப்பிடுபவர் கிராணி, அவருக்கும் மேலே தொரை. வேலை போனால் கூரையும் போகும்.

இப்படியிருந்தும் 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். கிள்ளான் மாவட்ட இந்தியர் சங்கத்தின் ஆர். எச். நாதன் முன்னணியில் நின்றார். அவர்களின் கோரிக்கைகளைத் தேர்வு மாணவர்கள் கவனித்துப் படிக்க வேண்டும். சீனத் தொழிலாளருக்கு இணையான கூலி கேட்டார்கள். பிள்ளைகளுக்குக் கல்வி, பெண்களுக்குப் பாதுகாப்பு, மருத்துவ வசதி, கள்ளுக்கடை மூடல் ஆகியவற்றையும் கேட்டார்கள். உறவினர்கள் தோட்டத்துக்குத் தடையின்றி வந்துபோக வேண்டும் என்றார்கள். தொரையைக் கண்டால் சைக்கிளை விட்டு இறங்க மாட்டோம் என்றார்கள். இவற்றில் பல, வேலை நேரம் முடிந்த பிறகு வாழும் வாழ்க்கையைப் பற்றியவை. வீடும் வேலையும் ஒரே கையில் இருந்ததால்தான், கூலிக்கான போராட்டம் மரியாதைக்கான போராட்டமாகவும் ஆனது. 1941 மே மாதத்தில் நாதன் கைது செய்யப்பட்டார். போராட்டம் பரவியது; இராணுவம் வந்தது; துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் உயிரிழந்தனர். நாதன் இந்தியாவுக்கு நாடு கடத்தப்பட்டார்.

ஒப்பிட்டு எழுதும்போது ஒற்றுமையோடு நின்றுவிடாதீர்கள். வேற்றுமையையும் காட்டுங்கள். 1898இல் இல்லினாய் மாநில உச்ச நீதிமன்றம், புல்மேன் நிறுவனம் குடியிருப்புச் சொத்துகளை வைத்திருக்கக் கூடாது என்று தீர்ப்பளித்தது. பின்னர் அந்த வீடுகள் விற்கப்பட்டன. நம்ம லயங்களுக்கு அப்படியொரு தீர்ப்பு வரவில்லை. தோட்டம் கைமாறியபோது வீடும் அதோடு சேர்ந்தே போனது.

டெங்கிலில் இருந்துகொண்டு நான் இதை எழுதுவதற்குக் காரணம் இதுதான். 1990களில் புத்ராஜெயா நகரம் எழுந்தபோது பிராங் பெசார், மேடிங்லி, கேலவே, செட்ஜ்லி தோட்டங்கள் மறைந்தன. அங்கே தலைமுறைகளாக வாழ்ந்த குடும்பங்கள் டெங்கில் தாமான் பெர்மாத்தா அடுக்குமாடிக்கு மாற்றப்பட்டன. நாளைக்குத் தொழில்மயமாக்கம் பற்றித் தேர்வு எழுதப்போகும் பிள்ளைகளில் சிலர் அந்தக் குடும்பங்களைச் சேர்ந்தவர்கள்.

ஆசிரியர்களுக்கு ஒரு சிறு பணி: பாடம் தொடங்கும் முன்பு, "உங்க பாட்டி பால் வெட்டின காலத்தில் குடியிருந்த வீடு யாருடையது? வேலை நின்ன பிறகு எங்கே போனாங்க?" என்று மாணவர்களை வீட்டில் கேட்டு வரச் சொல்லுங்கள். கிடைக்கும் பதில்களைக் கரும்பலகையில் ஒரு பக்கம் எழுதுங்கள். மறுபக்கம் புல்மேனை எழுதி, பாடத்தை அங்கிருந்து தொடங்கலாம்.