சிறுநீர்க் கசிவு: இணையத் தகவலின் தரம்

தன்னையறியாமல் சிறுநீர் கசிவது பற்றி இணையத்தில் கிடைக்கும் மருத்துவத் தகவல் எவ்வளவு நம்பத்தக்கது என்பது தனி ஆய்வுப்பொருள். வெளியே சொல்லக் கூசும் தொல்லை இது. டாக்டரிடம் போகுமுன் கைபேசியைக் கேட்பவர்கள் பலர்.

தரத்தை அளக்க 1999-இல் ஆக்ஸ்ஃபோர்டில் உருவான ‘டிஸ்கர்ன்’ கருவியில் 16 கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண். சிகிச்சைகளின் பலன், ஆபத்து, மாற்று வழிகள் சொல்லப்பட்டுள்ளனவா என்று அது பார்க்கும். சொன்னது சரியா என்று பார்க்காது, பெரிய குறைதான். மருத்துவ இணையதளங்களுக்கு ஜெனீவாவிலிருந்து வழங்கப்பட்ட ‘ஹான்கோடு’ சான்றிதழும் 2022-இல் நின்றுபோனது.

இணையத்தில் அடிக்கடி காணும் பிழை, எல்லாக் கசிவையும் ஒன்றாகக் கருதுவது. இருமும்போது, பாரம் தூக்கும்போது கசிவது வேறு. அடக்க முடியாத அவசரத்தில் கசிவது வேறு. முன்னதற்கு, ஆர்னால்டு கீகல் 1948-இல் விவரித்த இடுப்புத்தளத் தசைப் பயிற்சியே முதல் சிகிச்சை. மூன்று மாதமாவது செய்ய வேண்டும். சிறுநீர் கழிக்கையில் பாதியில் நிறுத்தி தினமும் பழகச் சொல்லும் காணொளிகள் தவறானவை. தண்ணீரை வெகுவாகக் குறைக்கச் சொல்வதும் அப்படியே: அடர்ந்த சிறுநீர், சிறுநீர்ப்பையை உறுத்தும். பெங்களூரு ஓசூர் சாலையில், ஆயத்த ஆடை ஆலைகள் நிறைந்த பொம்மனஹள்ளியில், கழிப்பறைக்கு எழ முடியாமல் தண்ணீரைத் தவிர்க்கும் தையல் தொழிலாளிக்கு இந்த அறிவுரை இரட்டைக் கெடுதல்.

சிறுநீரில் ரத்தம், கால் மரத்துப்போதல், திடீர்க் கசிவு இருந்தால் இணையத்தில் தேடாமல் உடனே மருத்துவமனைக்குச் செல்லவும்.