ஒரே 1997 சிசி, ரெண்டு வழி

இந்த எபிசோடு ஒரு குடும்பச் சண்டையில ஆரம்பிக்குது.

எங்க பெரியப்பா பையன் மெல்போர்ன்ல இருக்கான். எனக்கு அண்ணன் முறை. பல வருஷமா அவன்கிட்ட ஒரு மிட்சுபிஷி லான்சர் எவல்யூஷன் சிக்ஸ் இருந்துச்சு. டர்போ வச்ச, நாலு சக்கரத்துக்கும் பவர் போற செடான். திடீர்னு அதை வித்துட்டு ஹோண்டா எஸ்2000 வாங்கிட்டான். டர்போ கிடையாது, பின் சக்கரத்துக்கு மட்டும்தான் பவர், ரெண்டே சீட்டு. அதைப் பத்தி குடும்ப வாட்ஸ்அப் குரூப்ல அவன் போட்ட ஒரே வார்த்தை, "அப்கிரேட்!"

பெரியப்பா அன்னைக்கு ராத்திரியே எனக்கு போன் பண்ணிட்டார். "280 குதிரையைக் கொடுத்துட்டு 240 குதிரையை வாங்கியிருக்கான். நாலு கதவைக் கொடுத்துட்டு ரெண்டு கதவு. இதுக்குப் பேரு அப்கிரேடா? நீதான் கார் கார்னு மைக் முன்னாடி பேசுறியே, நீயே சொல்லு."

என்னால சொல்ல முடியல. அதுக்கான பதிலைத் தேடிப் போனதுதான் இந்த எபிசோடு.

முதல்ல என்னை ஆச்சரியப்படுத்தின விஷயம். எவோ சிக்ஸ், எஸ்2000 ரெண்டுமே 1999-ல ஜப்பானில் வெளிவந்தவை. ரெண்டுலயும் நாலு சிலிண்டர். ரெண்டு எஞ்சினோட கொள்ளளவும் 1997 சிசி. ஒரு சிசி கூட முன்ன பின்ன இல்ல. ஜப்பானில் வாகன வரி எஞ்சின் அளவைப் பொறுத்து படிப்படியா ஏறும். 2000 சிசி அதுல ஒரு முக்கியமான படி. அதனால அதுக்கு ஒட்டின மாதிரி நிறுத்திக்கிறது அங்க வழக்கம்.

அளவு ஒண்ணா இருந்தாலும் குணம் நேரெதிர். எவோவோட இழுவை, நம்ம மெக்கானிக் அண்ணன்மார் பாஷையில சொன்னா 'புல்லிங்', 373 நியூட்டன் மீட்டர். அது 3000 ஆர்பிஎம்லயே முழுசா கிடைச்சிடும். எஸ்2000-ல 218 நியூட்டன் மீட்டர்தான். அதுவும் 7500 ஆர்பிஎம் போனாதான் வரும். பவர்ங்கிறது இழுவையையும் சுற்றும் வேகத்தையும் பெருக்கி வர்றது. கணக்குப் போட்டா, 3000 ஆர்பிஎம்ல எவோ கிட்டத்தட்ட 160 குதிரை கொடுக்கும். அதே இடத்துல எஸ்2000-க்கு 93-க்கு மேல வர வாய்ப்பே இல்ல. ஆனா எவோ 7000 பக்கத்துல மூச்சு வாங்கி நிக்கும்போது, எஸ்2000 இன்னும் 9000 வரைக்கும் ஓடும்.

ஒரே அளவு பாத்திரத்துல ரெண்டு வேற சமையல். இது எப்படி வந்துச்சு?

டர்போ கதையை முதல்ல பார்ப்போம். ஆல்ஃபிரட் ப்யூகி என்ற சுவிட்சர்லாந்து பொறியாளர் 1905-ல் இதற்கான காப்புரிமையைப் பெற்றார். யோசனை எளிமையானது. எஞ்சினிலிருந்து வீணாக வெளியேறும் புகையில் இன்னும் சக்தி மிச்சம் இருக்கிறது. அந்தப் புகையை வைத்து ஒரு விசிறியைச் சுழற்றி, அந்த விசிறியால் உள்ளே போகும் காற்றை அழுத்தினால், அதே சிலிண்டருக்குள் அதிகக் காற்றைத் திணிக்கலாம். காற்று அதிகமானால் எரிபொருளும் அதிகம் எரிக்கலாம். கப்பல்கள், பெரிய டீசல் எஞ்சின்கள், விமானங்கள் எல்லாம் இதைப் பயன்படுத்திய பிறகுதான் கார்களுக்கு வந்தது.

காருக்கு வந்ததும் சொதப்பலாத்தான் வந்துச்சு. 1962-ல அமெரிக்காவுல ஓல்ட்ஸ்மொபில் ஜெட்ஃபயர்னு ஒரு கார். அழுத்தின காத்தோட சூட்டுல எஞ்சின் கெட்டுடக் கூடாதுன்னு தண்ணியும் மெத்தனாலும் கலந்த ஒரு திரவத்தைத் தனி டேங்க்ல ஊத்தணும். நிறைய பேரு ஊத்தவே இல்ல. அப்புறம் 1973-ல பிஎம்டபிள்யூ 2002 டர்போ. அது வந்த அதே சமயத்துல எண்ணெய் நெருக்கடியும் வந்துச்சு. பெட்ரோலுக்கு ஊரே கியூல நிக்கும்போது யாருக்கு வேணும் அந்த வண்டி? 1672 கார்தான் தயாராச்சு.

டர்போவை சாதாரண மனுஷன் தினமும் ஓட்டுற வண்டிக்குள்ள கொண்டு வந்ததுல 1978-ல விற்பனைக்கு வந்த ஸ்வீடனோட சாப் 99 டர்போவுக்குப் பெரிய பங்கு உண்டு. அதுக்கு முந்தின வருஷம்தான் ரெனோ, ஃபார்முலா ஒன்ல டர்போ காரை இறக்கினாங்க. அடிக்கடி வெடிச்சுப் புகை விட்டதால அதுக்கு 'மஞ்சள் டீ கெட்டில்'னு பட்டப் பேரு. சிரிச்சவங்க ரொம்ப நாள் சிரிக்கல. 1979-ல டிஜோன்ல அது ஜெயிச்சது. அதுக்கப்புறம் ஒருத்தர் விடாம எல்லாரும் டர்போ பக்கம் ஓடினாங்க.

இந்த இடத்துல ஒரு முரண் இருக்கு. 1988-ல மெக்லாரன் கார் 16 பந்தயத்துல 15 ஜெயிச்சது. அதுக்கு டர்போ எஞ்சின் செஞ்சு கொடுத்தது ஹோண்டா. அந்த வகையில அப்போ உலகத்திலேயே டர்போவை நல்லா புரிஞ்சு வச்சிருந்தவங்க அவங்கதான். அடுத்த வருஷமே ஃபார்முலா ஒன்ல டர்போ தடை. அதே 1989-ல, ரோட்டுல ஓடுற காருக்கு ஹோண்டா ஒரு புது எஞ்சினைக் கொண்டு வந்தாங்க. அதுல டர்போ இல்ல.

ஏன்? ஹோண்டாவோட வேர் பைக்குல இருக்கு. 1959-ல ஐல் ஆஃப் மேன் பந்தயத்துக்கு 125 சிசி பைக்கைத் தூக்கிட்டுப் போன கம்பெனி அது. சின்ன எஞ்சின்ல பவர் வேணும்னா வேகமா சுத்தணும், அவ்வளவுதான். 1965-ல மெக்சிகோவில் அவர்களுடைய முதல் ஃபார்முலா ஒன் வெற்றியும் அப்படித்தான்: வெறும் ஒன்றரை லிட்டரில் 12 சிலிண்டர்.

ஆனா வேகமா சுத்துற எஞ்சின்ல ஒரு பிரச்சனை. வால்வு திறந்து மூடுற நேரத்தை கேம் ஷாஃப்ட்ல இருக்கிற மேடுதான் தீர்மானிக்கும். 8000 ஆர்பிஎம்க்குப் பொருத்தமான மேடு வச்சா, சிக்னல்ல எஞ்சின் உதறும். சிக்னலுக்குப் பொருத்தமா வச்சா, மேல மூச்சு திணறும். ஹோண்டாவோட விடை, ரெண்டு மேட்டையும் ஒரே ஷாஃப்ட்ல வைக்கிறது. குறைஞ்ச வேகத்துல சின்ன மேடு வேலை செய்யும். குறிப்பிட்ட வேகம் தாண்டினதும் ஆயில் அழுத்தத்துல ஒரு பின் நகர்ந்து பூட்டிக்கும், பெரிய மேடு பொறுப்பேத்துக்கும். இதுதான் வி-டெக். 1989 இன்டெக்ராவுல 1.6 லிட்டர்ல 160 குதிரை. லிட்டருக்கு 100.

பத்து வருஷம் கழிச்சு எஸ்2000 வந்தப்போ அது லிட்டருக்கு 125 ஆச்சு. ஜப்பான் காரில் 8300 ஆர்பிஎம்ல 250 குதிரை. மத்த நாடுகளுக்குப் போனதுல 240. எங்க அண்ணன் வாங்கினது இதுதான். 9000 ஆர்பிஎம்ல ஒவ்வொரு பிஸ்டனும் ஒரு செகண்டுக்கு 150 தடவை மேல போய்க் கீழ வருது. நான் பேசிட்டு இருக்கும்போதே ஒரு செகண்டை எண்ணிப் பாருங்க. 150.

சரி, மிட்சுபிஷி ஏன் அந்த வழியில போகல? அவங்க பந்தயம் நடந்தது வேற மண்ணுல. உலக ராலியில ஓட்டணும்னா அதே மாதிரி காரைப் பொதுமக்களுக்கும் விக்கணும். 1993-லிருந்து அந்த எண்ணிக்கை 2500. எவோன்னு ஒரு கார் 1992-ல பிறந்ததே இந்த விதிக்காகத்தான். சேறு, பனி, மலைப்பாதையில எந்த கியர்ல இருந்தாலும் உடனே இழுக்கணும். போதாக்குறைக்கு, 1995 முதல் டர்போவுக்குக் காற்று போற வழியை 34 மில்லிமீட்டர் வளையத்தால் சுருக்கிட்டாங்க. உள்ள வர்ற காத்துக்கே அளவு வச்ச பிறகு, மேல மேல சுத்தி என்ன பிரயோஜனம்? கீழேயே இழுவையைக் குவிக்கிறதுதான் புத்திசாலித்தனம். டாமி மாகினன் 1996-லிருந்து 1999 வரை தொடர்ந்து நாலு தடவை உலக சாம்பியன் ஆனது லான்சர்லதான்.

இன்னொரு காரணமும் இருக்கு. 1988-ல் ஜப்பானில் சாலை விபத்துச் சாவுகள் பத்தாயிரத்தைத் தாண்டின. அதன் பிறகு, எந்தக் காரையும் 280 குதிரைக்கு மேல் அறிவிப்பதில்லை என்று கார் கம்பெனிகள் தங்களுக்குள் ஒரு ஒப்பந்தத்துக்கு வந்தன. 2004 வரை அது நீடித்தது. பேப்பர்ல எண்ணை ஏத்திப் பெருமையடிக்க முடியாத காலம் அது. அதனால, அந்தப் பவர் எப்படி வருதுங்கிறதுல வித்தியாசம் காட்டினாங்க. பெரியப்பா பார்த்த 280-ம் 240-ம் அந்தக் கதையோட கடைசி வரி மட்டும்தான்.

போன வருஷம் மெல்போர்ன் போயிருந்தேன். ஹீல்ஸ்வில் தாண்டி மலைச்சாலையில அண்ணன் சாவியைக் கையில கொடுத்தான். எவோவை முன்னாடியே ஓட்டியிருக்கேன். மிதிச்சா அரை நொடி ஒண்ணுமே நடக்காது, அப்புறம் யாரோ பின்னாடி இருந்து எட்டி உதைச்ச மாதிரி இருக்கும். தப்பான கியர்ல இருந்தாலும் மன்னிச்சிடும்.

எஸ்2000 மன்னிக்கல. 4000-ல மிதிச்சேன். சாதாரண குடும்பக் கார் மாதிரி போச்சு. "கியரைக் குறைடா, விட்டுடாத, மிதி" என்றான். இரண்டாவது கியர். டிஜிட்டல் பட்டை 6000-ஐ நெருங்கும்போது சத்தமே மாறுச்சு. கரகரன்னு இருந்த தொண்டை திடீர்னு உச்ச ஸ்தாயிக்குப் போன மாதிரி. 8000 தாண்டியும் அது நிறுத்தச் சொல்லல. வேகம் பார்த்தா நூறை நெருங்குது. அங்க சட்டப்படி அவ்வளவுதான் போகலாம். எவோவுல நூறுங்கிறது கொட்டாவி விடுற வேகம். இதுல நூறுக்குள்ள எனக்குக் கை வேர்த்திருந்தது.

"எவோவுல நான் போறேன். இதுல நான் ஓட்டுறேன்"னு சொன்னான் அண்ணன். அந்த வித்தியாசத்துக்குத்தான் அவன் 40 குதிரையையும் பின் சீட்டையும் கொடுத்திருக்கான்.

இப்ப ரெண்டு வண்டியுமே கடையில இல்ல. எஸ்2000 2009-ல நின்னது. புகை விதிகளும் மைலேஜ் விதிகளும் இறுக இறுக, சின்ன எஞ்சினோட டர்போ வைக்கிறதுதான் கம்பெனிகளுக்குச் சுலபமான வழியாச்சு. 2015-ல் ஹோண்டாவே தன்னோட சிவிக் டைப் ஆருக்கு டர்போ வச்சாங்க. நம்ம இருங்காட்டுக்கோட்டையில தயாராகி 2019-ல வந்த ஹூண்டாய் வென்யூவுல ஒரு லிட்டர் டர்போ, 1500 ஆர்பிஎம்லயே 172 நியூட்டன் மீட்டர். கிண்டி டிராஃபிக்ல எனக்கு எது வேணும்னு கேட்டா, யோசிக்காம அதைத்தான் சொல்வேன். சரித்திரத்துல டர்போ ஜெயிச்சது நியாயமாத்தான் ஜெயிச்சது.

ஊருக்கு வந்ததும் பெரியப்பா வீட்டுக்குப் போய் இதையெல்லாம் விளக்கினேன். ஆர்பிஎம், கேம், ராலி, 34 மில்லிமீட்டர், எல்லாம். பொறுமையா கேட்டார். ஒரு விஷயம் சொல்லணும். 1998-லிருந்து திருவள்ளூர்ல ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் லான்சர் தயாரிச்சாங்க. டர்போ எல்லாம் கிடையாது, ஆனா எவோ சிக்ஸோட அதே குடும்பம், அதே முகச்சாயல். பெரியப்பா வச்சிருந்தது அதுதான். அண்ணன் கியர் போடக் கத்துக்கிட்டது அந்த வண்டியில. மெல்போர்ன்ல அவன் எவோவைத் தேடிப் பிடிச்சது ஏன்னு எனக்கு அங்க உட்கார்ந்திருக்கும்போதுதான் உறைச்சது.

நான் முடிச்சதும் பெரியப்பா கேட்டார்: "எல்லாம் சரிடா. நானும் உங்க பெரியம்மாவும் அங்க போனா, எங்க ரெண்டு பேரையும் அவன் எப்படி ஒண்ணா ஏத்திட்டுப் போவான்?"

அவர் 280, 240-ன்னு பேசினது எல்லாம் இதுக்குத்தான். நான் எஞ்சினைப் பத்தி நாற்பது நிமிஷம் பேசியிருக்கேன். அவர் கேட்டது சீட்டைப் பத்தி.

அண்ணன்கிட்ட சொன்னேன். கொஞ்ச நேரம் பேசல. அப்புறம், "ஏர்போர்ட்டுக்கு வேற வண்டி எடுத்துட்டு வரேன்னு சொல்லு. மலைக்கு மட்டும் அப்பாவைத் தனியா கூட்டிட்டுப் போகணும். 9000-ஐ அவர் காதால கேட்கணும்"னு சொன்னான்.

டிசம்பர்ல டிக்கெட் போட்டிருக்காங்க.