லாங்-ஆர்ம் குயில்ட் இயந்திரத்தில் நூல் கோளாறுகள்

மேல்துணி, நடுவே பஞ்சுப் படலம், அடித்துணி ஆகிய மூன்றையும் அடுக்கி, வளைவும் நெளிவுமாகத் தைத்து ஒன்றாக்கினால் கிடைப்பது குயில்ட் போர்வை. அமெரிக்காவில் வீட்டுக் கைத்தையலாகச் செழித்த இந்தக் கலைக்கென்றே உருவானது லாங்-ஆர்ம் இயந்திரம். மிசௌரி மாநிலத்தின் வெஸ்ட் பிளெயின்ஸ் ஊரைச் சேர்ந்த கேமில் போன்ற நிறுவனங்கள் 1980களில் இதைத் தொழிலாகப் பரப்பின. சாதாரணத் தையல் மெஷினில் துணி நகரும், மெஷின் நிற்கும். இங்கே துணி சட்டத்தில் கட்டுண்டு நிற்க, இயந்திரம் சக்கரங்களில் உருண்டு நினைத்த திசையில் எல்லாம் போகும். இந்த இயந்திரத்துக்கே உரிய நூல் கோளாறுகள் பெரும்பாலும் இந்த வேறுபாட்டிலிருந்து பிறக்கின்றன.

இரண்டு மெஷின்களிலும் விழுவது ஒரே பூட்டுத் தையல்தான்; எலியாஸ் ஹோவ் 1846இல் காப்புரிமை பெற்ற மெஷினின் தையலும் அதுவே. ஊசி அடிவரை இறங்கிச் சற்றே மேலெழும்போது, அதன் முதுகிலுள்ள பள்ளத்தருகே மேல் நூல் சிறு வளையமாகப் புடைக்கும். சுழலும் கொக்கியின் முனை அந்த வளையத்தைப் பிடித்து, கீழ் நூல் சுற்றிய பாபின் இருக்கும் கேஸைச் சுற்றிக் கொண்டுபோகும். வளையத்துக்குள் கீழ் நூல் மாட்டிக்கொள்ள, நூலை இழுக்கும் கை மேலேறிப் பூட்டை இறுக்கும். பூட்டு பஞ்சின் நடுவில் மறைய வேண்டும். மேல் நூலின் ஒவ்வொரு துண்டும் தையலாவதற்கு முன்பு ஊசிக்கண் வழியே பத்துக்கணக்கான முறை போய்வந்துவிடுகிறது என்பதை நினைவில் வைத்தால், நூல் ஏன் இவ்வளவு எளிதில் பிசிறுகிறது என்று வியக்கத் தேவையில்லை.

அடித்துணியில் நூல் குவியலாகச் சுருண்டு சிக்கிக்கொள்வதுதான் எல்லோரும் முதலில் சந்திக்கும் கோளாறு. சிக்கல் கீழே தெரிவதால் கை நேராக பாபின் கேஸின் திருகுக்குப் போகிறது. இது தவறான இடம். கீழே தளர்ந்து கிடப்பது மேல் நூல். அதை மேலே யாரும் பிடித்து நிறுத்தவில்லை என்பதே அதற்குப் பொருள். நூல் டென்ஷன் தட்டுகளுக்கு நடுவே ஆழமாக உட்காராமல் விளிம்பில் மிதக்கலாம். ஒரு வளையத்தையோ சிறு சுருள்வில்லையோ தவறவிட்டிருக்கலாம். தட்டுகளுக்கிடையே நூல்தூசு அடைத்திருக்கலாம். நூலை முழுவதும் உருவி, கோனிலிருந்து ஊசிவரை மறுபடி கோப்பதுதான் முதல் வேலை. டென்ஷன் குமிழைத் தொடுவது அதற்குப் பிறகுதான். மேலே எல்லாம் சரியாக இருந்தும், இயந்திரத்தை நிறுத்தித் தொடங்கும் இடத்தில் மட்டும் சிக்கல் விழுந்தால் அப்போது பாபினைப் பார்க்கலாம். இயந்திரம் நின்ற பிறகும் பாபின் சுழன்று நூலைக் கழற்றிவிடுகிறது; இதைத் தடுக்கும் மெல்லிய வில் பாபின் கேஸுக்குள் இருக்கிறதா, தேய்ந்துவிட்டதா என்று பார்க்க வேண்டும்.

வளைவுகளில் மட்டும் தோன்றும் குறை வேறு வகை. அடிப்பக்கத்தில் கீழ் நூல் கம்பிபோல் நேராகக் கிடக்கும்; அதன்மேல் மேல் நூலின் சிறு வளையங்கள் வரிசையாக நீட்டிக்கொண்டு நிற்கும். மேல் டென்ஷன் போதாதபோது, இயந்திரத்தை வேகமாக வளைத்தால் இப்படி நேரும். நேர்க்கோட்டில் தைத்துப் பார்த்து டென்ஷனைச் சரிசெய்பவர்கள் இதைக் கடைசிவரை கவனிப்பதில்லை. போர்வையின் ஓரத்தில் அதே துணி, அதே பஞ்சு வைத்து, மேலும் கீழும் வெவ்வேறு நிற நூலில் வட்டங்களாகத் தைத்துப் பார்ப்பதே நம்பகமான சோதனை. கீழ் நூலின் நிறம் மேலே புள்ளியாகத் தெரிந்தால் மேல் நூல் அதிகம் இறுகியிருக்கிறது, அல்லது கீழ் நூல் தளர்ந்திருக்கிறது.

நூல் அறுந்தால், எந்தத் திசையில் போகும்போது அறுகிறது என்பதே கேட்க வேண்டிய முதல் கேள்வி. ஊசி துணிக்குள் இருக்கும்போதே இயந்திரம் நகர்வதால் துணி ஊசியை வளைக்கிறது. பக்கவாட்டில் வளைந்தால் கொக்கி வளையத்துக்குச் சற்று முந்தியோ பிந்தியோ வந்து சேரும். முன்பின்னாக வளைந்தால் கொக்கிக்கும் ஊசிக்கும் இடைவெளி மாறும். கொக்கி அப்போது வளையத்தைத் தவறவிட்டால் தையல் விடும். நூல் இழைக்குள்ளேயே குத்தினால் நூல் பிளந்து அறும். ஒரு திசையில் மட்டும் அறுந்தால் ஊசி வளைந்திருக்கிறதா, தன் குழியில் முழுவதும் ஏறியிருக்கிறதா, திரும்பிப் பொருந்தியிருக்கிறதா என்று பார்த்து, புது ஊசி போட வேண்டும். பலருக்குக் கோளாறு அதோடு தீர்ந்துவிடும். தீராவிட்டால் தடித்த ஊசி உதவும்: 110 என்ற எண்ணுள்ள ஊசியின் தண்டு 1.1 மில்லிமீட்டர் தடிமன், 90 எண் ஊசி 0.9 மில்லிமீட்டர். தடித்தது வளைவது குறைவு. நூலுக்கும் அகன்ற கண் கிடைக்கும். துணியைச் சட்டத்தில் முரசுத் தோலாக இழுத்துக் கட்டுவதும் இதே கேட்டைத் தருகிறது. கீழிருந்து விரலால் தள்ளினால் துணி சற்று மேலெழும் அளவுக்குத் தளர்வு வேண்டும்.

எல்லாத் திசையிலும் நூல் பஞ்சாகப் பிசிறி அறுந்தால், உராய்வு எங்கே என்று தேட வேண்டும். ஊசித் தட்டின் துளையிலோ கொக்கி முனையிலோ ஊசி மோதி ஏற்பட்ட சிறு கீறலை நகத்தால் தடவியே உணரலாம். மிக நுண்ணிய உப்புத்தாளால் தேய்த்தால் மழமழப்பாகிவிடும். நூலையும் சோதிக்க வேண்டும். ஆண்டுக்கணக்கில் வெயிலில் கிடந்த பருத்தி நூல் கையால் இழுத்தாலே முறியும். குறுக்குமறுக்காகச் சுற்றிய நூற்கண்டு மேல்முனை வழியாகவும், அடுக்கடுக்காக நேராகச் சுற்றியது பக்கவாட்டில் உருண்டும் அவிழ வேண்டும். மாற்றி வைத்தால் நூலில் முறுக்கு ஏறிச் சுருளும்.

பாபின் திருகை மாற்றியே ஆக வேண்டிய நேரங்களும் உண்டு. கீழ் நூலின் தடிமனை மாற்றும்போது அது கட்டாயம். கால் சுற்றுக்கும் குறைவாகத் திருப்பி, நூல்முனையைப் பிடித்து பாபின் கேஸைத் தொங்கவிட வேண்டும். அது சரசரவென இறங்கினால் தளர்வு. அசையவே இல்லையென்றால் இறுக்கம். கையை மெல்லக் குலுக்கும்போது சற்று இறங்கி நின்றால் அங்கிருந்து தைத்துப் பார்க்கத் தொடங்கலாம்.

புது ஊசி, சரியான நூல், சுத்தமான பாபின் கேஸ் எல்லாம் இருந்தும் எல்லாத் திசையிலும் தையல் விட்டுக்கொண்டே போனால், ஊசியும் கொக்கியும் சந்திக்கும் நேரக் கணக்கு குலைந்திருக்கக்கூடும். ஊசி தட்டிலோ, துணிமேல் வழிகாட்டியாக வைக்கும் அளவுகோலிலோ பலமாக மோதிய பிறகு இது நேர்வதுண்டு. கொக்கியின் திருகுகளைத் தளர்த்தி அதை மீண்டும் பொருத்துவது பழகிய மெக்கானிக்கின் வேலை.