ரகசிய அறிக்கையில் இருந்த குற்றங்கள்: பி.எஸ். கிருஷ்ணன் என்ற அதிகாரி



நினைவுச் சொற்பொழிவு என்றால் நம் கவிஞர்களைப் பற்றியோ களத்தில் விழுந்த போராளிகளைப் பற்றியோ பேசுவது நம் வழக்கம். இந்த ஆண்டு ஓர் ஐ.ஏ.எஸ். அதிகாரியைப் பற்றிப் பேசப்போகிறேன் என்றதும் சில தோழர்கள் முகம் சுளித்தார்கள். நியாயமான சுளிப்புதான். கோட்டையிலிருந்து நம் தெருவுக்கு அதிகம் வந்தவை போலீஸ் வேனும் விசாரணைக் கமிஷனும்தானே? இருந்தாலும், நாம் இன்று நீதிமன்றத்திலும் ஆட்சியர் அலுவலகத்திலும் எடுத்து வைக்கிற பல சட்டங்கள், அரசாணைகளின் அடியில் அந்த மனிதரின் எழுத்து இருக்கிறது. அது அங்கே எப்படி வந்து சேர்ந்தது என்பது நமக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

பி.எஸ். கிருஷ்ணன் 1932 டிசம்பரில் திருவனந்தபுரத்தில், தலித் அல்லாத ஒரு குடும்பத்தில் பிறந்தார். பூனா ஒப்பந்தம் கையெழுத்தான அதே ஆண்டு. சிறுவயதிலேயே அம்பேத்கர் பெயர் அவர் காதில் விழுந்திருக்கிறது. 1956இல் ஆட்சிப்பணியில் சேர்ந்து ஆந்திரத்துக்குப் போனார்.

இளம் அதிகாரியாக அவர் செய்த ஒரு காரியத்தைப் பெரிய சட்டங்களுக்கு முன்னால் வைக்கிறேன். கிராமத்துக்கு முகாம் போனால் தலித் குடியிருப்பில் போய்த் தங்குவார். இதில் என்ன இருக்கிறது என்று இன்று தோன்றலாம். 1950களின் ஆந்திர கிராமத்தை நினைத்துப் பாருங்கள். அதிகாரி வந்தால் ஊருக்குள், பெரிய வீட்டுத் திண்ணையில் உட்காருவார். நம் ஆள் எட்ட நின்று மனுவை நீட்டுவார். முகாம் மாலபள்ளியில் என்றால், கர்ணம் கணக்குக் கட்டைத் தூக்கிக்கொண்டு அங்கே வந்தாக வேண்டும். நிலக் கணக்கு யார் முன்னால் வாசிக்கப்படுகிறது என்பதே மாறிவிடுகிறது. சமூகவியல் வகுப்பில் இடமும் அதிகாரமும் பற்றிப் பக்கம் பக்கமாகப் படித்தேன். இந்த ஒரு காட்சி அளவுக்கு எதுவும் விளங்கியதில்லை.

மேலதிகாரி அவரைப் பற்றி எழுதிய ரகசிய அறிக்கையில் குறைகள் அடுக்கப்பட்டன: தாழ்த்தப்பட்டோர் பக்கம் அளவுமீறிச் சாய்கிறார், சாதி மறுப்புத் திருமணத்தை ஓங்கி ஆதரிக்கிறார், தன் சமஸ்கிருத அறிவைக் கொண்டே மதத்தைச் சாடுகிறார், கிராம அதிகாரிகளை விட்டுவிட்டு ஊர் மக்கள் சொல்வதை நம்புகிறார், இவர் வேலையால் நாசகாரச் சக்திகளுக்குத்தான் லாபம். இதைவிட நல்ல நற்சான்றிதழை நம் அமைப்புகூட அவருக்கு எழுதித் தந்திருக்க முடியாது.

1977இல் பீகாரின் பெல்ச்சி, 1978இல் நம் விழுப்புரம், அங்கே 12 உயிர்கள். அந்த நாட்களில் அட்டவணைச் சாதியினர் விவகாரம் ஒன்றிய உள்துறையில்தான் இருந்தது. கிருஷ்ணன் அங்கே இணைச் செயலாளர். அவர் கொண்டுவந்ததுதான் சிறப்பு உட்கூறுத் திட்டம். கணக்கு எளிது: மக்கள்தொகையில் நம் பங்கு எவ்வளவோ, திட்டச் செலவில் குறைந்தது அவ்வளவு நமக்கு. சாலை, பாசனம், கல்வி என்று ஒவ்வொரு துறையும் ஒதுக்க வேண்டும். அதுவரை நமக்கென்று ஒரு நலத்துறையை ஓரமாக வைத்து, விடுதியும் உதவித்தொகையும் கொடுத்தால் கடமை முடிந்தது. நலம் என்பது பங்கு என்று மாறிய இடம் இது. 1980 மார்ச்சில் பிரதமர் இந்திரா காந்தி இதை வலியுறுத்தி முதலமைச்சர்களுக்குக் கடிதம் எழுதினார்.

ஓட்டையும் அங்கேயே இருந்தது. அது வழிகாட்டுதல், சட்டமல்ல. 2010இல் டெல்லியில் காமன்வெல்த் விளையாட்டுக்கு நம் பணம் 600 கோடிக்கு மேல் திருப்பிவிடப்பட்டது, நாடாளுமன்றத்திலேயே ஒப்புக்கொண்டார்கள். நம் பெயரில் எழுதிய பணத்தில் மேம்பாலம் கட்டுவதற்கு விளையாட்டுப் போட்டிகூடத் தேவையில்லை என்பது இங்கே உட்கார்ந்திருக்கும் எல்லோருக்கும் தெரியும்.

1990 தனிக் கதை. அந்த ஆண்டு அவர் ஒன்றிய நலத்துறைச் செயலாளர். அமைச்சர் ராம்விலாஸ் பாஸ்வான், பிரதமர் வி.பி. சிங். வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் ஜனவரி 30 அன்று நடைமுறைக்கு வந்தது. அதன் உருவாக்கத்தில் அவருக்குப் பங்குண்டு. புத்தம் தழுவியவர்களுக்கு அட்டவணைச் சாதித் தகுதி கிடைத்தது. ஆணையத்துக்கு அரசமைப்புத் தகுதி தரும் 65ஆம் திருத்தம் நிறைவேறியது. பத்தாண்டு தூசி படிந்த மண்டல் அறிக்கை ஆகஸ்ட் 13 அன்று ஆணையானது. அதில் ஒரு நுட்பம்: மண்டல் பட்டியல், மாநிலப் பட்டியல் இரண்டிலும் இருக்கும் சாதிகளே முதல் கட்டம். பட்டியலைப் பற்றிய சண்டையைக் காட்டி ஆணையை முடக்க நினைத்தவர்களுக்கு அந்த வழி அடைபட்டது. 1992இல் உச்ச நீதிமன்றம் 27 விழுக்காட்டை உறுதி செய்தது. 1990 டிசம்பரோடே அவர் ஓய்வு பெற்றுவிட்டிருந்தார்.

இதையெல்லாம் ஒரு தனிமனிதர் சாதித்தார் என்று நான் சொல்ல வரவில்லை. தெருவில் நாம் இல்லாமல் அந்தக் கோப்பு நகர்ந்திருக்காது. ஆனால் தெருவில் நாம் இருந்தும் நகராமல் கிடந்த கோப்புகள் எத்தனை! புத்தம் தழுவியவருக்குத் திறந்த கதவு தலித் கிறித்தவருக்கும் தலித் முஸ்லிமுக்கும் இன்றுவரை திறக்கவில்லை.

ஓய்வுக்குப் பிறகும் அவர் ஆலோசகராகவே இருந்தார். 2007இல் ஆந்திர அரசுக்காக முஸ்லிம்களில் பிற்பட்ட பிரிவினரை அடையாளம் கண்டு கொடுத்த அறிக்கையின் மேல்தான் அங்கே 4 விழுக்காடு இடஒதுக்கீடு நிற்கிறது. அவர் வாழ்க்கையை நீண்ட நேர்காணலாகக் கேட்டுப் புத்தகமாக்கியவர் நம் வசந்தி தேவி அம்மா. மாணவர்கள் அதைத் தேடிப் படியுங்கள்.

உட்கூறுத் திட்டத்துக்குச் சட்டப் பாதுகாப்பு வேண்டும் என்று அவர் கடைசிவரை கேட்டுக்கொண்டே இருந்தார். ஆந்திரம் 2013இல் சட்டம் இயற்றியது. அவர் 2019 நவம்பர் 10 அன்று காலமானார். தமிழ்நாடு சட்டமன்றம் தன் சட்டத்தை நிறைவேற்றியது 2024இல். இந்த மாநிலத்தில் நாம் 20 விழுக்காடு. அந்தச் சட்டத்தின் பிரதிகள் வாசலில் இருக்கின்றன; போகும்போது ஆளுக்கொன்று எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் மாவட்டத்தில் எந்தத் துறை எவ்வளவு ஒதுக்கியது, எதில் செலவழித்தது என்று கேட்கும் மனுவை இந்த மாதமே எழுதத் தொடங்கலாம்.