பெருமூளை வாதமும் இயன்முறை மருத்துவமும்: ஒரு வரலாற்றுப் பார்வை

வளரும் மூளையில் பிறப்பதற்கு முன்போ, பிறக்கும்போதோ, பிறந்த சில ஆண்டுகளிலோ ஏற்படும் பாதிப்பால் உடல் அசைவும் நிலைப்பாடும் குன்றுவதே பெருமூளை வாதம். மூளையின் பாதிப்பு நாளடைவில் கூடுவதில்லை. ஆனால் கவனிக்காமல் விட்டால் தசைகள் இறுகி மூட்டுகள் மடங்கிவிடுகின்றன. இயன்முறை மருத்துவத்தின் வேலை இங்குதான் தொடங்குகிறது.

லண்டன் மருத்துவர் வில்லியம் ஜான் லிட்டில் 1861 இல் கடினமான பிரசவத்தோடு இந்நோயைத் தொடர்புபடுத்தினார். அப்போது நரம்பியல் மருத்துவராக இருந்த சிக்மண்ட் பிராய்ட், கருவிலேயே நேர்ந்த கோளாறின் அறிகுறியாகவும் கடினப் பிரசவம் இருக்கலாம் என்று 1897 இல் எழுதினார். பழி முழுவதையும் பிரசவம் பார்த்தவர் மீதோ தாய் மீதோ போடும் வழக்கம் இன்னும் மறையவில்லை.

தமிழில் இன்னொரு சிக்கலும் உண்டு. போலியோவுக்கு 'இளம்பிள்ளை வாதம்' என்று பெயர், இதுவும் 'வாதம்'. போலியோவில் தசை தளர்ந்து மெலியும். இதில் பெரும்பாலும் தசை இறுகும். பெயர் ஒத்திருப்பதால் சொட்டு மருந்து கொடுத்தும் ஏன் வந்தது என்று கேட்கும் பெற்றோர் உண்டு. சொட்டு மருந்துக்கும் இதற்கும் தொடர்பில்லை.

தமிழ்நாட்டில் மறுவாழ்வு மருத்துவத்திற்கு வேலூர் முன்னோடி. 1954 இல் விபத்தில் கால்கள் செயலிழந்த மருத்துவர் மேரி வர்கீஸ், சக்கர நாற்காலியில் இருந்தபடியே கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் அத்துறையை வளர்த்தார். 1966 இல் அங்கு மறுவாழ்வு நிலையம் திறக்கப்பட்டது. பெருமூளை வாதக் குழந்தைகளுக்கெனத் தனி முயற்சி தொடங்கியது தாய்மார்களிடமிருந்து. மும்பையில் மிது அலூர் 1972 இல் சிறப்புப் பள்ளி தொடங்கினார். சென்னையில் பூனம் நடராஜன் 1985 இல் தொடங்கிய அமைப்பே இன்றைய வித்யாசாகர். இருவருமே பாதிக்கப்பட்ட குழந்தையின் தாய்மார்கள். சிகிச்சையும் படிப்பும் ஒரே கூரையின் கீழ் வந்தது இவ்வாறுதான்.

அக்காலச் சிகிச்சையில் பெரும் செல்வாக்குப் பெற்றது போபாத் முறை. பெர்லினில் இருந்து லண்டனில் குடியேறிய பெர்தா போபாத்தும் அவர் கணவர் மருத்துவர் காரெலும் உருவாக்கியது. சிகிச்சையாளர் தம் கைகளால் குழந்தையின் உடலைப் பிடித்து, தவறான அசைவைத் தடுத்து, சரியானதை வரவழைப்பார். பல பத்தாண்டுகள் இதுவே வேதமாக இருந்தது. 2013 இல் வெளியான அயோனா நோவாக் குழுவினரின் ஆய்வுத் தொகுப்பு இம்முறையின் பயனுக்குப் போதிய சான்று இல்லை என்றது. குழந்தை தானே முயன்று, தனக்கு வேண்டிய செயலைத் திரும்பத் திரும்பச் செய்யும் பயிற்சியையும் வீட்டுப் பயிற்சித் திட்டத்தையும் ஆதரித்தது. பிறர் கையால் அசைவதற்கும் தானே அசைவதற்கும் உள்ள வேறுபாடு இது.

வீட்டுப் பயிற்சி நம்மூருக்கு இன்னும் பொருந்தும். செங்கல்பட்டு மாவட்டத்தில் முட்டுக்காட்டில் 2005 முதல் பல்வகை ஊனமுற்றோருக்கான தேசிய நிறுவனம் இயங்குகிறது. ஆனால் அதே மாவட்டத்தின் மறைமலை நகரில் ஷிப்டு வேலை பார்க்கும் குடும்பம், இறுகிய உடலோடு கனக்கும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வாரம் பலமுறை கடற்கரைச் சாலை வரை போய்வருவது எளிதல்ல. மேலும், மேலைநாட்டுப் பயிற்சிகள் பெரும்பாலும் நாற்காலியை வைத்து அமைந்தவை. நம் வீடுகளில் சாப்பாடும் விளையாட்டும் தரையில். சுவர் மூலையில் சாய்ந்து உட்காரவும், தரையிலிருந்து எதையாவது பிடித்து எழவும், குந்தி உட்காரவும் பழக்குவதே இங்கு பல குழந்தைகளுக்கு முதல் இலக்காக வைக்கத்தக்கது.